ஏர்லின் தலையில் கட்டிய பிள்ளை

இங்கிலாந்தில் ஒரு குடும்பம், தாங்கள் ஓர் ஏர்ல் பிரபுவின் வழியில் வந்தவர்கள் என்று சில மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தது. அந்த வம்சத்தை உண்டாக்கியவர் காஞ்சிபுரத்தில், ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். உடந்தையாக இருந்தவன் நான். பல வருடங்கள் ஆகிவிட்டன, இனிமேல் யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு அவர் அக்கா, அவ்வளவுதான். இப்போது ஊரில் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய வாய்க்கு நான் இன்றும் பயந்தவன்.

எங்கள் வேலை டேட்டா என்ட்ரி. வெள்ளைக்காரர்களுக்குத் தங்கள் முப்பாட்டன் யார், அவனுக்கு முப்பாட்டன் யார் என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கும் பித்துப் பிடித்திருந்த காலம். இருநூறு வருடத்துப் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவார்கள். திரையின் மேல் பாதியில் பாதிரியாரின் கோழிக்கிறுக்கல், கீழ்ப் பாதியில் காலிக் கட்டங்கள். மேலே பார்த்துக் கீழே அடிக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் சேலை எடுக்க வந்த கூட்டம் படி தவறி எங்கள் மாடிக்கு ஏறிவிடும். பன்னிரண்டு பேர் வாய் திறக்காமல் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஏதோ துக்க வீடு என்று நினைத்துச் சத்தமில்லாமல் இறங்கிப் போவார்கள்.

ஒரு படத்தை இரண்டு பேர் அடிப்போம். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் அதை உண்மை என்று ஏற்றுக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் சூப்பர்வைசர் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பொய் நுழையவே முடியாத ஏற்பாடு என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அக்காவுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. காலிக் கட்டம் கண்டால் கை அரிக்கும். யாரோ பாதியில் விட்டுப் போன குறுக்கெழுத்தைச் சரியோ தப்போ நிரப்பிவிட்டுத்தான் கீழே வைப்பார். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், நிற்கிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு உட்காரவைப்பார். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவராக இருந்தாலும் விடமாட்டார். வருகைப் பதிவேட்டில் லீவு போட்டவனின் கட்டத்தில்கூட, "ஜுரம்னு கேள்வி" என்று எழுதி வைத்துவிடுவார்.

இந்தக் குணத்துக்கு ஒரு வேர் இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா தென்னேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வாலாஜாபாத்தில் ஒருவர், கட்டிக்கொள்கிறேன், கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்து, பிள்ளை பிறந்த பிறகு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். நாங்கள் மாடியில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் பெண் குழந்தை நாலாம் வகுப்பு. ஞானஸ்நானத்துக்குப் போனால் தகப்பன் பெயர், பள்ளிக்கூடத்துக்குப் போனால் தகப்பன் பெயர், ரேஷன் கார்டுக்குப் போனால் தகப்பன் பெயர். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கட்டத்துக்காக அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு, யாருடனாவது சண்டை போட்டுவிட்டு வருவார். தன் மகளுக்கு யார் முன்னாலும் தலைகுனியாத ஒரு பெயர் வேண்டும். அவர் வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அந்த ஆத்திரத்தை அவர் இங்கிலாந்தின் மேல் காட்டினார். பெயர்களாகவே அடித்து அடித்து, குடும்பப் பெயர்களில் அவருக்குப் புலமை வந்துவிட்டது. டீ நேரத்தில் கச்சேரி ஆரம்பமாகும்.

"ஸ்மித்துன்னா பெரிய துரைன்னு நெனச்சிக்கினு இருந்தோம். கொல்லன்பா! டெய்லர்னா தையக்காரன். பேக்கர் ரொட்டி சுடறவன். ஃபுல்லர்னா துணிய மிதிச்சி அலசறவன். வெப்ஸ்டர் யாரு தெரியுமா? தறி நெய்யறவன். நம்ம பிள்ளையார்பாளையம் மொத்தமும் வெப்ஸ்டர்தான்."

தொழிலில் இருந்து ஒரு பெயர், ஊரில் இருந்து ஒரு பெயர், அப்பனிடம் இருந்து ஒரு பெயர், ஆளைப் பார்த்துக் கிண்டலாக வைத்த ஒரு பெயர். இந்த நாலுக்குள் அடங்காத வெள்ளைக்காரன் இல்லை என்பது அக்காவின் சித்தாந்தம். குட்டையாக இருந்தவனை ஷார்ட் என்றார்கள், மேட்டில் குடியிருந்தவனை ஹில் என்றார்கள். அவன் பேரன் ஆறடி வளர்ந்து பள்ளத்தில் வீடு கட்டினாலும் பெயர் மாறாது. இதைச் சொல்லிவிட்டு அக்கா மனம்விட்டுச் சிரிப்பார்.

பட்டங்களும் அத்துப்படி. இங்கிலாந்திலிருந்து வந்த வழிகாட்டித் தாளில், எந்தப் பிரபுவை எப்படி அடிக்க வேண்டும் என்று வரிசை போட்டிருந்தார்கள். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். அக்கா அந்த வரிசையை எங்கள் மாடிக்கு இறக்கினார். மாதத்துக்கு ஒருமுறை வந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போகும் முதலாளி டியூக். அவருடைய மைத்துனர் மார்க்விஸ். சூப்பர்வைசர் ஏர்ல். சூப்பர்வைசர் லீவு போட்டால் அவர் நாற்காலியில் உட்காருகிறவர் வைகவுண்ட். "அந்த வார்த்தைக்கே அதான்பா அர்த்தம். ஏர்லுக்குக் கையாளு." கீழே மோட்டார் போடும் வாட்ச்மேன் பாரன். தண்ணீர் அவர் கையில் இருந்ததால் பாரனுக்குத்தான் நாங்கள் அதிகம் வணக்கம் வைத்தோம்.

அப்போது எங்களுக்கு வந்துகொண்டிருந்தவை ஞானஸ்நானப் பதிவேடுகள், ஒரு பக்கத்துக்கு எட்டுப் பிள்ளைகள். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், குடும்பப் பெயர், இருப்பிடம், அதன்பின் அந்தஸ்து அல்லது தொழில் என்று ஒரு கட்டம். கூலி, நெசவு, கொல்லு வேலை என்று பாதிரியார் எழுதிக்கொண்டே போவார். நடுவில் எங்காவது ஒரு பிள்ளைக்குத் தகப்பன் கட்டம் காலியாக இருக்கும். அந்தத் தாயின் தொழில் கட்டத்தில் 'சிங்கிள் உமன்' என்று எழுதியிருக்கும்.

முதல்முறை அதைப் பார்த்தபோது அக்கா கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"கட்டிக்காம இருக்கறது ஒரு தொழிலாப்பா? இதுக்குச் சம்பளம் எவன் குடுத்தான்?"

சூப்பர்வைசர், "ஏம்மா, உள்ளத உள்ளபடி அடி. அவங்க ஊரு சமாச்சாரம் நமக்கெதுக்கு?" என்றார்.

அன்று சாயங்காலம் படி இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். என் திரையிலும் அதே படங்கள் ஓடுவதை எப்போதோ கவனித்திருக்கிறார். அவர் அடிப்பதை இரண்டாவதாக அடிக்கிறவன் நான்தான்.

"தம்பி, அந்த மேரின்ற புள்ளைக்கு அப்பன் பேரு வில்லியம்னு போட்டுட்டேன். கூலி. நீயும் அதையே போட்ரு."

"யாருக்கா அந்த வில்லியம்?"

"எவனாவது இருப்பான். வில்லியம் இல்லாத ஊரா?"

தப்பு என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்றும் தெரியும். மறுநாள் வில்லியம் என்று அடித்தேன். ஏன் என்று கேட்டால், அக்காவுக்கு முடியாது என்று சொல்கிற துணிச்சல் எனக்கில்லை என்பது பாதி உண்மை. அந்த வெற்றுக் கட்டம் போன பிறகு அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன் என்பது மீதி.

அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. வில்லியம், ஜான், தாமஸ் என்று அக்கா அப்பன்களை வழங்கினார். அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தார். தாய் கூலிக்காரியானால் அப்பனும் கூலிக்காரன். குடிகாரன் பெயர் மாதிரி ஒலிப்பதை வைக்கமாட்டார். இரட்டைப் பிள்ளை என்றால் கொஞ்சம் வசதியான தச்சனாகப் பார்த்துக் கொடுப்பார். காலையில் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கி ரெண்டு கல்யாணம்பா" என்று, முந்தின நாள் தான் போட்ட அப்பன் பெயர்களைச் சொல்லுவார்.

அத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம். ஒரு நாள் ஒரு பக்கம் வந்தது. மேலே மூன்றாவது பிள்ளை ஓர் ஏர்லின் சொந்த மகன். ஐந்து பெயர்கள், தாயார் கவுண்டஸ், அதாவது ஏர்லின் மனைவி, இருப்பிடம் ஊருக்கு நடுவில் உள்ள மாளிகை. அதே பக்கத்தில் ஏழாவது பிள்ளை ஒரு வேலைக்காரப் பெண்ணுடைய மகள். தகப்பன் கட்டம் காலி. இருப்பிடம் அதே மாளிகை.

அக்கா வெகுநேரம் அந்தப் பக்கத்தை நகர்த்தவில்லை. டீ நேரத்தில் என்னிடம் வந்தார்.

"வூட்டு வேலைக்காரி. வெலாசம் பிரபு வூடு. இன்னும் இன்னா ஆதாரம் வேணும்?"

"அக்கா, ஏர்ல்லாம் வேணாம். தோட்டக்காரன் இருந்திருப்பான். சமையக்காரன் இருந்திருப்பான்."

"ஃபிட்ஸ்ராய்னு ஒரு பேரு அடிச்சமே, ஞாபகம் இருக்குதா? ராசாவோட புள்ளன்னு அர்த்தம். ராசா கட்டிக்காம பெத்தா அந்தப் பேரு வெச்சி, டியூக்கு பட்டம் குடுத்து, மாளிகையும் குடுத்தானுங்க. இவ பெத்தா மட்டும் வெறுங்கட்டமா? நான் போட்டாச்சி. நீ போடறியா இல்லியா?"

போட்டேன். பட்டப் பெயர் வேறு, குடும்பப் பெயர் வேறு, பிள்ளைக்குக் குடும்பப் பெயர்தான் வரும் என்பதுவரை திருத்திக் கொடுத்தார். அந்தஸ்து என்ற கட்டத்தில் நாங்கள் இருவரும் தனித்தனியாக, ஒரு எழுத்துப் பிசகாமல், ஏர்ல் என்று அடித்தோம். கம்ப்யூட்டர் அதை உண்மை என்று ஏற்றுக்கொண்டது.

எட்டு மாதம் கழித்து இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் சுற்றிச் சுற்றி எங்கள் மாடிக்கு வந்தது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதியது. அந்த வேலைக்காரப் பெண்ணின் வழியில் வந்தவராம். புகார் இல்லை, நன்றிக் கடிதம். தன் குடும்பத்தில் ஏர்ல் ரத்தம் ஓடுவதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி, குடும்பச் சின்னத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியாகிவிட்டது, உறவுக்காரர்களுக்கு விருந்தும் வைத்தாகிவிட்டது. ஒரே ஒரு சின்னச் சந்தேகம், மூலப் படத்தில் தகப்பன் கட்டம் காலியாக இருக்கிறதே, ஏன்?

சூப்பர்வைசர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒண்ணாதான் அடிச்சிருக்கீங்க. அப்ப படத்துலதான் கோளாறு" என்று எழுதி அனுப்பினார். அவர்கள் இன்னும் துலக்கமான படம் அனுப்பினார்கள். காலிக் கட்டம் இன்னும் துலக்கமாகக் காலியாக இருந்தது.

எங்கள் முதலாளி டியூக் நேரில் வந்தார். பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினார். காண்ட்ராக்ட் போனால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அக்கா முன்னால் வந்தார்.

"நான்தான் சார். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. படம் சரியா தெரியல, இப்பிடித்தான் இருக்கும்னு நான் சொன்னேன், அவன் நம்பிட்டான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம், நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவரைப்போல வேகமாக அடிக்க ஆளில்லை என்பதால் வேலை போகவில்லை. ஞானஸ்நானத்திலிருந்து எடுத்து அடக்கப் பதிவேட்டில் போட்டார்கள். அதில் தகப்பன் பெயர் கிடையாது. பெயர், ஊர், வயது, புதைத்த நாள், அவ்வளவுதான். "செத்தவங்களுக்கு எல்லாக் கட்டமும் ரொம்பித்தான் இருக்குதுபா" என்று ஒரு வாரம் சலித்துக்கொண்டார். பெரியவருக்கு மன்னிப்புக் கடிதம் போனது. வரவேற்பறையில் மாட்டியதை அவர் கழற்றினாரா என்று தெரியவில்லை. நாங்கள் கொடுத்த வில்லியம்களைப் பற்றி மட்டும் ஒரு கடிதமும் வரவில்லை. கூலிக்கார அப்பன் கிடைத்ததற்கு யாரும் விருந்து வைக்கவில்லை போலிருக்கிறது.

சில வருடங்களில் கிறுக்கல் எழுத்தை மெஷினே படித்துக்கொள்ள ஆரம்பித்தது. மாடியைப் பூட்டினார்கள், கீழே இருந்த சேலைக் கடை மேலே ஏறியது. நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் சேர்ந்தேன். அக்கா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை அளவு இடம் பிடித்து, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை போட்டார். காலிக் கட்டத்தைப் பொறுக்காதவருக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு ஊரில் இல்லை.

அதிலும் பாஸ்போர்ட் வேலை வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். நம்மூரில் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை முன்னால் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். வெளிநாட்டுக்காரன் ஒற்றைப் பெயரை ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றதும், ஏஜென்ட்டுகள் ஆட்களை அக்காவிடம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். திருப்புட்குழியிலிருந்து வந்த வெல்டருக்கு ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொடுத்து, "உன் பேரன் அங்க பொறந்தாலும் பெருமாள் கோயில் ஊரு கூட வரும், போ" என்று அனுப்பினார். ஒருவர் வந்து தன் சாதிப் பட்டத்தைப் போடச் சொல்லி மீசையைத் தடவினார். "அண்ணே, பட்டம் போடறதுக்கு இதுல கட்டமே கெடையாது. ஏர்லே வந்தாலும் இங்க வூட்டுப் பேருதான்" என்றார் அக்கா. அந்த அண்ணன் கடைசியில் தன் அப்பா பெயரோடு போனார்.

ஊருக்கே பெயர் கொடுத்தாலும் சொந்த வீட்டுக் கட்டம் காலியாகவே இருந்தது. மகள் நர்சிங் முடித்து, சென்னையில் வேலை பார்த்து, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்குத் தேர்வாகிவிட்டாள். பாஸ்போர்ட் வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் சும்மா பேசிக்கொண்டிருக்கப் போயிருந்தேன். அப்போதுதான் அந்த வாலாஜாபாத் மனிதர் வந்தார்.

நான் அவரை அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை, பேனரில் பார்த்திருக்கிறேன். வாலாஜாபாத் கூட்டு ரோட்டில், கைகூப்பியபடி, கருணைக் கடல், வாரி வழங்கும் வள்ளல், ஏழைகளின் விடிவெள்ளி. இங்கே கையில் ஆப்பிள் பையோடு நின்றார்.

"பொண்ணு இங்கிலாந்து போவுதுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோசம். அப்பன் பேரு எடத்துல நம்ம பேரையே போட்டுக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடமாக அக்கா தேடியது கடை வாசலில் நிற்கிறது.

"போட்ருக்கா. பட்டபாடு போதும்" என்றேன்.

"உனக்கு வேணும்னா போட்டுக்கம்மா" என்றாள் மகள். "எனக்கு எதுன்னாலும் சரி."

அக்கா திரும்பி உட்கார்ந்து அவர் பெயரை அடித்தார். அவ்வளவு மெதுவாக அவர் அடித்து நான் பார்த்ததில்லை. கட்டம் நிரம்பியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு, கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில், அந்த மனிதரிடம் கேட்டார்.

"பொண்ணு பொறந்த தேதி சொல்லுங்க."

"அது... ஆடி மாசம். நல்ல மழை."

"தேதி."

"ஏம்மா, உனக்குத் தெரியாததா? நீயே போட்டுக்கோ."

"வருசம் தெரியுமா?"

அவர் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவள் பிறந்தது பங்குனி வெயிலில். அக்கா ஒரு விரலால் அடித்ததை அழித்தார். கடைசி எழுத்து போகும்வரை விரலை எடுக்கவில்லை. காலிக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அக்கா அடுத்ததற்குப் போனதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"ஆப்பிள வெச்சிட்டுப் போங்க. மத்தியான பஸ் இருக்குது" என்றார்.

அவர் போன பிறகு குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்தது. தகப்பன் பெயர் இல்லாமல் தாய் பெயர் மட்டும் இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குப் போதும் என்று அதற்குள் விதி வந்திருந்தது, ஆனால் இதைக் காலியாக விட முடியாது, ஏஜென்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மேடிசன்னு ஒரு பேரு இருக்குது" என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "மாட்னு ஒரு பொம்பள இருந்தா. அவ புள்ளைங்கன்னு அர்த்தம். அந்த ஊர்லயே அப்பிடி இருந்திருக்குது." சொல்லிவிட்டுத் தன் பெயரை அடித்தார். மகள் குனிந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தை ரொம்ப அக்கறையாகப் படித்தேன்.

அவள் போய் ஆறேழு மாதம் இருக்கும். மறுபடியும் நான் கடையில் இருந்தபோது வீடியோ கால் வந்தது. வார்டுக்குப் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டே பேசினாள். அங்கே ஒரு கிழவர் இருக்கிறாராம். எல்லா நர்சுகளையும் மற்றவர்கள் சொந்தப் பெயரால் கூப்பிடுவார்கள், அவர் மட்டும் அது மரியாதையில்லை என்று பேட்ஜைப் பார்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியிலிருந்து கரகரத்த குரல் ஒன்று, 'மிஸ்' சேர்த்து, அக்காவின் பெயரை நிறுத்தி நிதானமாகக் கூப்பிட்டது.

மகள் திரும்புவதற்குள், இங்கே காஞ்சிபுரத்தில், விண்ணப்பத்தோடு நின்ற நாலு பேருக்கு முன்னால், "தோ வரேங்க!" என்று அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"பாவம், தண்ணி கேக்கறாரு போலருக்குது" என்றார். "என்னத்தான் கூப்புடறாரு. நீ போய்ப் பாரு."